முதலில் உங்கள் வகுப்பில் ஆடிப் பாருங்கள்

பொறியியல் கல்லூரிகளில் முதலாண்டு வரவேற்புக்குத் தயாராகும் மூத்த மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களே,

கவுன்சிலிங் முடிந்து, பெட்டி படுக்கையோடு முதலாண்டு மாணவர்கள் வந்து இறங்கும் நாள் நெருங்கிவிட்டது. துறைத் தலைவர் உங்களில் நாலைந்து பேரைக் கூப்பிட்டு, "முதல் நாள் மத்தியானம் உங்க பொறுப்பு. பசங்க ஒருத்தரோட ஒருத்தர் பழகற மாதிரி ஏதாவது பண்ணுங்கப்பா" என்று சொல்லியிருப்பார். அன்று இரவே ஒரு வாட்ஸாப் குழு முளைத்திருக்கும். டம்ப் சி, பாட்டுக்குப் பாட்டு, மியூசிக்கல் சேர், பலூன் உடைப்பது என்று பட்டியல் நீண்டிருக்கும். கடைசியில் யாரோ ஒருவர், "அதெல்லாம் அன்னைக்குப் பாத்துக்கலாம் மச்சி" என்று முடித்து வைத்திருப்பார்.

அன்றைக்குப் பார்த்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மடல். எந்த விளையாட்டாக இருந்தாலும், புதியவர்கள் மேல் அதை இறக்குவதற்கு முன் உங்கள் வகுப்பிலேயே ஆடிப் பாருங்கள். சரிவராததை வெட்டுங்கள். திருத்தியதை மறுபடி ஆடுங்கள். விளையாட்டு உருவாக்குகிறவர்கள் 'பிளேடெஸ்ட்' என்று சொல்வது இந்த வேலையைத்தான். அதற்கு வெள்ளைத்தாளும் கத்தரிக்கோலும் ஒப்புக்கொள்ளும் நண்பர்களும் போதும்.

ரெண்டு மணி நேர விளையாட்டுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? தமிழ்நாட்டில் வேண்டும். 1996 நவம்பரில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்டார். அந்த அதிர்ச்சியின் விளைவாக வந்ததுதான் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம். இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது அது. பிறகு 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதற்கும் விதிமுறை கொண்டுவந்தது. ராகிங் என்றால் என்ன என்று அது தரும் விளக்கத்தில், உங்கள் குழு உட்கார்ந்து படிக்க வேண்டிய ஒரு பிரிவு இருக்கிறது. ஒரு மாணவர் இயல்பாகச் செய்யாத ஒன்றை அவரைச் செய்யச் சொல்லி, அதனால் அவருக்கு வெட்கமோ வேதனையோ சங்கடமோ ஏற்பட்டால் அதுவும் ராகிங்தான் என்கிறது அந்தப் பிரிவு.

அதைப் படித்த கையோடு உங்கள் பட்டியலுக்குத் திரும்புங்கள். பலூன் உடைந்தவர் மேடையேறி ஆட வேண்டும். சீட்டில் பெயர் வந்தவர் எதிரே நிற்கும் பெண்ணிடம் 'புரபோஸ்' பண்ண வேண்டும். தோற்றவர் கோழி மாதிரி கூவ வேண்டும். "ஜாலிக்குத்தான் சார்" என்ற பதில் இதற்கெல்லாம் செல்லாது. அதே விதிமுறைதான், மூத்தவர்களும் புதியவர்களும் ஆசிரியர்கள் முன்னிலையில் கலந்து பழகக் கலை நிகழ்ச்சிகளும் விளையாட்டுகளும் நடத்தச் சொல்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். ஆக, விளையாட்டு வைப்பதில் தவறில்லை. யாருடைய சிரிப்புக்காக யார் ஆடுகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வரப்போகிறவர்கள் யார் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 60 பேர் கொண்ட ஒரு வகுப்பு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு முன்னுரிமை 2021 முதல் பொறியியலுக்கும் வந்துவிட்டதால், பன்னிரண்டாம் வகுப்பு வரை முழுக்கத் தமிழ் வழியில் படித்தவர்கள் அங்கே இருப்பார்கள். வீட்டிலேயே முதல் பட்டதாரியாகப் போகிறவர் இருப்பார். சென்னையில் சிபிஎஸ்இ பள்ளியில் படித்தவர், பாலக்காட்டுக்காரர், நெல்லூர்க்காரர், பீகாரிலிருந்து ரயிலேறி வந்தவர் என்று எல்லாரும் ஒரே அறையில் இருப்பார்கள்.

இவர்களுக்குள் தானாக நடக்கும் அறிமுகம் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். "கட்-ஆஃப் எவ்வளவு?", "கவுன்சிலிங்கா, மேனேஜ்மென்டா?", "எந்த மீடியம்?" கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200க்குப் போட்ட கணக்கு, சீட்டு கிடைத்த அன்றே செத்துப்போனது. ஆனால் ஹாஸ்டல் வராந்தாவில் அது எழுந்து உட்கார்ந்து ஆட்களைத் தரம் பிரிக்கும். அடுத்த கேள்வி "எந்த ஊர்?" அதற்கடுத்தது "ஊர்ல எந்தப் பக்கம்?" அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று விளக்கத் தேவையில்லை. நீங்கள் வடிவமைக்கும் விளையாட்டின் முதல் வேலை, இந்தக் கேள்விகளுக்கு முன்னால் வேறு கேள்விகளைக் கொண்டுவந்து வைப்பது.

பெரும்பாலான கல்லூரிகளில் இதற்குச் சுலபமான வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவராக எழுந்து பெயர், ஊர், பள்ளி, பொழுதுபோக்கு சொல்லிவிட்டு உட்கார வேண்டும். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும் ஒரு மணி நேரம் போய்விடும். போனாலும் பலன் உண்டா? மால்கம் பிரென்னர் என்ற உளவியலாளர் 1973இல் இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார். வட்டமாக உட்கார்ந்து முறை வைத்துப் படிப்பவர்களுக்கு, தங்கள் முறைக்குச் சற்று முன்னால் மற்றவர்கள் படித்தவை நினைவில் நிற்பதில்லை. நம் முறை வருகிறதே என்ற பதற்றத்தில் காது அடைத்துக்கொள்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் பேசும்போதுதான் நாம் மனத்துக்குள் நம் வரியை ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறோம். முதலில் பழக வேண்டியவரே நம் காதில் விழாமல் போகிறார்.

சரி, வேறென்ன செய்யலாம்? கூகுளில் தேடுவதற்கு முன் நம் தெருவில் ஆடியதை நினைத்துப் பாருங்கள். அணி பிரிக்க 'உத்தி' கட்டுவது ஞாபகம் இருக்கிறதா? தலைவர்கள் இரண்டு பேர் நிற்பார்கள். மற்றவர்கள் தங்களுக்குச் சமமான ஆளோடு ஜோடி சேர்ந்து, கொஞ்சம் தள்ளிப் போய், ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். ஒருவர் சூரியன், ஒருவர் சந்திரன். தலைவர் கேட்பது பெயரைத்தான், ஆளை அல்ல. பள்ளி மைதானத்தில் ஆளைப் பார்த்து அணி பிரிக்கும்போது, யாரும் கூப்பிடாமல் கடைசியில் ஒருவன் தனியாக நிற்பானே, உத்தியில் அப்படி ஒருவன் நிற்கவே முடியாது. ஜோடியே சமமானவர்களால் ஆனது என்பதால் அணிகளும் சமமாகின்றன. ஒரே விதியில் இரண்டு சிக்கல் தீர்கிறது. இதைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரியாது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் ஆடி ஆடித் தேய்த்து மெருகேற்றிய விதி இது.

'பூப்பறிக்க வருகிறோம்' விளையாட்டிலும் அப்படி ஒரு நுட்பம் உண்டு. எதிர் வரிசையில் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் ஆட்டமே நகரும். பெயர் தெரிந்துகொள்வது அங்கே ஆட்டத்தின் அச்சாணி.

'ராஜா ராணி மந்திரி போலீஸ் திருடன்' சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டில் இருப்பது உனக்கு மட்டும் தெரியும், முகத்தைப் பார்த்துத் திருடனைப் பிடிக்க வேண்டும். இதற்குத் தூரத்துச் சொந்தம் போன்ற 'மாஃபியா' விளையாட்டு, 1980களின் பிற்பகுதியில் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழக உளவியல் துறையில் உருவானது. திமித்ரி தவிதோவ் என்ற மாணவர் உருவாக்கியது வகுப்பறைகளிலும் விடுதிகளிலும் ஆடப்பட்டு உலகம் முழுக்கப் போனது. பின்னர் அதற்கு ஓநாய் மனிதன் கதை பூசி 'வேர்வுல்ஃப்' என்றும் ஆக்கினார்கள். அருமையான விளையாட்டு. ஆனால் முதல் சுற்றிலேயே 'கொல்லப்பட்டவர்' மீதி நேரமெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கூச்சப்படும் மாணவரே முதலில் வெளியேறினால் அன்றைய மாலை அவருக்கு எப்படி இருக்கும்? இந்தக் குறையை நீக்கி, யாரும் வெளியேறாமல் பத்தே நிமிடத்தில் முடியும் வடிவம் ஒன்று 2014இல் வந்தது. இருப்பதை எடுத்து ஆடிப் பார்த்து, வலிக்கிற இடத்தில் மட்டும் கை வைப்பதும் வடிவமைப்புதான் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இனி உங்கள் வேலை. உங்கள் பட்டியலில் 'பிங்கோ' நிச்சயம் இருக்கும். ஒரு தாளில் 25 கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு குறிப்பு: கிணற்றில் நீந்தத் தெரிந்தவர், பிரியாணி சாப்பிடாதவர், மூன்று மொழி பேசுபவர். அறையெங்கும் சுற்றி, பொருத்தமான ஆளைப் பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். முதலில் முடிப்பவருக்குச் சாக்லேட். இதை உங்கள் வகுப்பில் ஆடிப் பாருங்கள். என்ன ஆகும்? பாதிப்பேர் இடத்தை விட்டே எழுந்திருக்க மாட்டார்கள். "கிணறுன்னா நம்ம தேனிக்காரன்தான்" என்று உட்கார்ந்தபடியே நிரப்பிவிடுவார்கள். ஒருவரை ஒருவர் ஏற்கெனவே அறிந்த கூட்டத்திடம் அறிமுக விளையாட்டைச் சோதித்தால் வரும் முதல் சிக்கல் இது.

அதனால் சோதனையை இரண்டாகப் பிரியுங்கள். விதி புரிகிறதா, நேரம் போதுமா, தாள் போதுமா, சத்தம் தாங்குமா என்பதை உங்கள் வகுப்பு நண்பர்களிடமே பார்க்கலாம். பழக்கம் உண்டாகிறதா என்பதை அவர்களிடம் பார்க்க முடியாது. அதற்கு முகம் தெரியாதவர்கள் வேண்டும். சிவில்காரர்களில் ஆறு பேர், பயோடெக்கில் ஆறு பேர் என்று ஒருவரை ஒருவர் அறியாத கலவையாகக் கூப்பிடுங்கள். டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்தால் வருவார்கள்.

அந்தக் கலவையிடம் பிங்கோவை இறக்கினால் இரண்டாவது சிக்கல் தெரியும். வேகத்துக்குப் பரிசு என்றதும் பேச்சு செத்துவிடும். "நீந்துவியா? போடு கையெழுத்து" என்று தாள்கள் கை மாறும். முடிந்த பிறகு கேட்டால் யாருக்கும் யார் பெயரும் நினைவிருக்காது. மூன்றாவது சிக்கல், கட்டங்களுக்குள் ஒளிந்திருப்பது. "விமானத்தில் போனவர்", "வீட்டில் நாய் வளர்ப்பவர்", "ஐபோன் வைத்திருப்பவர்" என்று எழுதினால், எந்தக் கட்டத்துக்கும் பொருந்தாமல் நிற்கப் போகிறவர் யாரென்று யோசியுங்கள்.

இங்கே 1971இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் நடந்த ஒன்று கை கொடுக்கும். கறுப்பின, வெள்ளையின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் புதிதாக ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டுப் பகை மூண்டிருந்த நேரம். எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரும் அவரது மாணவர்களும் பாடத்தைத் துண்டு துண்டாக்கி, குழுவில் ஆளுக்கொரு துண்டைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் பங்கை மற்றவர்களுக்குச் சொன்னால்தான் குழுவுக்கு முழுப் பாடமும் கிடைக்கும். திக்கித் திக்கிப் பேசும் பிள்ளையைக் கேலி செய்தால் நட்டம் கேலி செய்தவருக்கே.

இதையே விளையாட்டாக்கலாம். 60 பேரை ஆறு ஆறு பேராகப் பத்துக் குழுவாக்குங்கள். ஆளுக்கு ஒரு சீட்டு, சீட்டில் கல்லூரி வளாகத்தைப் பற்றிய ஒரே ஒரு துப்பு. "ஜெராக்ஸ் கடை நூலகத்துக்குப் பின்னால்." "கேன்டீன் வாசலில் நின்றால் இடதுகைப் பக்கம் ஒர்க்‌ஷாப்." "ஹாஸ்டலுக்குக் குறுக்கு வழி புளியமரத்தடியில்." ஆறு துப்பும் சேர்ந்தால்தான் வரைபடம் முழுமையாகும். சீட்டைக் காட்டக் கூடாது, வாயால் சொல்லலாம். விளையாட்டு முடியும்போது கையில் ஒரு வரைபடமும் மிஞ்சும், மறுநாள் காலை அது உபயோகப்படும்.

தாளில் அழகாக இருக்கிறது. ஆடிப் பார்த்தால்? முதலில் உங்கள் வகுப்புக்கு வளாகம் அத்துப்படி, துப்பே தேவைப்படாது. ஆகவே சோதனைக்குக் கற்பனை ஊர் ஒன்றை வரைந்துகொள்ளுங்கள்: தேர்முட்டி, ரேஷன் கடை, ஊருணி, டீக்கடை. அடுத்து, குரல் பெரிதாக உள்ள ஒருவர் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு, "நீ சொல்லு, நீ சொல்லு" என்று வாங்கி மூன்று நிமிடத்தில் முடித்துவிடுவார். அதற்கு ஒரு விதி வேண்டும். பேனா சுற்றிவர வேண்டும், தன் துப்பைத் தானே வரையக் கூடாது, வலப்பக்கம் இருப்பவரைக் கேட்டுத்தான் வரைய வேண்டும், வரைந்த இடத்தின் மேல் துப்புச் சொன்னவரின் பெயரை எழுத வேண்டும். இப்போது கேன்டீன் வெறும் கேன்டீன் அல்ல, அதன் மேல் ஒரு பெயர் இருக்கிறது. சீட்டில் ஆங்கிலம் மட்டும் இருந்தால் சிலர் படிக்கத் தயங்குவார்கள், தமிழ் மட்டும் இருந்தால் நெல்லூர்க்காரர் விழிப்பார். இரண்டிலும் அச்சடியுங்கள், ஒரு வரிக்கு மேல் போக வேண்டாம்.

முதல் சோதனை சொதப்பினால் சோர்ந்துவிடாதீர்கள். கூடைப்பந்தே அப்படித்தான் தொடங்கியது. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த உடற்பயிற்சி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடம் 18 மாணவர்கள் கொண்ட அடங்காத வகுப்பு ஒன்றை ஒப்படைத்து, குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆட ஒரு விளையாட்டு வேண்டும் என்றார்கள். கால்பந்தையும் லக்ராஸையும் உள்ளே கொண்டுவந்து பார்த்தார், எடுபடவில்லை. பிறகுதான் பீச் பழக்கூடைகளை மாடத்தில் அடித்து மாட்டி, பக்கத்துக்கு ஒன்பது பேராக ஆடவிட்டார். முதல் ஆட்டத்திலேயே பையன்கள் முட்டி மோதி உதைத்து, கடைசியில் கைகலப்பில் முடிந்ததாக 1939இல் வானொலிப் பேட்டியில் அவரே சொன்னார். பந்தோடு ஓடக் கூடாது என்ற விதிதான் அடிதடியை நிறுத்தியதாம். பந்தைத் தட்டிக்கொண்டே போகும் 'டிரிப்பிள்' அவருடைய 13 விதிகளில் கிடையாது. ஓடக் கூடாது என்ற பிறகு ஆடியவர்கள் கண்டுபிடித்த வழி அது.

விதியை எழுதும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. 1993இல் வெளிவந்த 'மேஜிக்: த கேதரிங்' சீட்டாட்டத்தை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டு அப்போது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கணித ஆய்வு மாணவர். கையால் செய்த சீட்டுகளைக் கூடப் படித்தவர்களிடம் கொடுத்துத்தான் ஆடவைத்துப் பார்த்தார். ஒரு சீட்டில், எதிராளி அடுத்த முறை இழப்பார் என்ற பொருளில் எழுதியிருந்தார். எதிராளிக்கு அடுத்த வாய்ப்பு கிடையாது என்பதுதான் அவர் நினைத்தது. சோதித்த ஒருவரோ, எதிராளி அடுத்த முறை ஆட்டத்தையே இழப்பார் என்று படித்துவிட்டு, போட்டால் அடுத்த முறை வெற்றி நிச்சயம் என்னும்படியான சீட்டு கிடைத்ததாக வந்து நின்றாராம். எழுதியவர் பத்து முறை படித்தாலும் இது கண்ணில் படாது. எனவே விதியை வாயால் விளக்காமல், எழுதிய தாளை நீட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். எந்த வரியில் தலையைச் சொறிகிறார்களோ அந்த வரியைத் திருத்துங்கள்.

ஆட்டம் நடக்கும்போது விளையாட்டை உருவாக்கியவர் வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் மிகவும் கஷ்டம். "இல்லடா, அப்படி இல்ல" என்று நாக்கு துடிக்கும், அடக்குங்கள். அன்றைக்கு 60 பேருக்கு நடுவில் பத்துக் குழுவுக்கும் போய் விளக்க உங்களால் முடியாது. அதற்குப் பதில் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கட்டும். ஒருவர் யார் எத்தனை முறை பேசினார் என்று கோடு போடட்டும். ஒருவர் கண்களை மட்டும் கவனிக்கட்டும். போன் எப்போது வெளியே வருகிறது, யார் கதவைப் பார்க்கிறார், சிரிப்பு எழும்போது யாரோ ஒருவர் மட்டும் சிரிக்காமல் இருக்கிறாரா என்பதெல்லாம் குறிப்பேட்டில் ஏற வேண்டும்.

முடிந்ததும் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிடாதீர்கள். நண்பர்கள் "செம மச்சி" என்பார்கள், அதை வைத்து ஒன்றும் திருத்த முடியாது. "உன் குழுவில் இருந்த ஐந்து பேர் பெயரையும் சொல்லு. அவர்களைப் பற்றித் தெரிந்துகொண்ட ஒன்றைச் சொல்லு. எந்த இடத்தில் எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது?" என்று கேளுங்கள். முதல் இரண்டு கேள்விக்கும் பதில் வந்தால் விளையாட்டு வேலை செய்கிறது. மூன்றாவதை எல்லார் முன்னாலும் கேட்காமல் தனியாகச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

உங்கள் வகுப்பிலேயே அதிகம் பேசாத ஒருவர் இருப்பார். பெரும்பாலும் அவரை இந்தக் குழுவில் சேர்த்திருக்க மாட்டீர்கள். அவரைத்தான் முதல் சோதனைக்குக் கூப்பிட வேண்டும். மேடையை ரசிக்கிறவர்களுக்கு எந்த விளையாட்டும் பிடிக்கும், அவர்களை வைத்து எதையும் அளக்க முடியாது.

இத்தோடு 'பாஸ்' விதி ஒன்று சேருங்கள். யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் "பாஸ்" என்று சொல்லலாம். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. 1971இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய 'புராஜெக்ட் அட்வென்சர்' என்ற அமைப்பு, தன் கூட்டு விளையாட்டுகளில் எவ்வளவு தூரம் பங்கெடுப்பது என்பதை ஆடுபவரே முடிவுசெய்யட்டும் என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. வட்டமாகக் கை கோத்துச் சிக்கெடுக்கும் 'மனித முடிச்சு' போன்றவற்றை நம் கல்லூரிகளில் முதல் நாளே வைத்தால் இதன் அருமை தெரியும். முன்பின் தெரியாதவர் கையைப் பிடிக்க ஆணும் பெண்ணும் ஒருபோலத் தயங்குவார்கள். அந்த விளையாட்டை விட்டுவிடுவதே நல்லது.

சில நடைமுறைச் செய்திகள். வகுப்பறை பெஞ்சுகள் தரையோடு அடிக்கப்பட்டிருந்தால் ஆறு பேர் வட்டமாக உட்கார முடியாது. டிராயிங் ஹாலையோ மரத்தடியையோ முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். மைக் வேண்டாம், மைக் பிடித்தவர் கை சும்மா இருக்காது. தண்டனை என்ற சொல்லையே விதித்தாளிலிருந்து நீக்குங்கள். பரிசு கொடுப்பதானால் முழுக் குழுவுக்கும் கொடுங்கள். மூத்தவர்கள் சுவரோரம் நின்று வேடிக்கை பார்க்காமல் குழுவுக்கு ஒருவராக உட்கார்ந்து ஆடட்டும், அவர்களுக்கும் ஒரு சீட்டு இருக்கட்டும். ஆசிரியர் ஒருவர் அறையில் இருக்கட்டும், ஆட விரும்பினால் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே ஒரு மாலை நேரத்தைக் குறித்துக்கொண்டு பன்னிரண்டு பேரைச் சேர்த்து முதல் சுற்றை ஆடிவிடுங்கள். திருத்த வேண்டியவை நிறைய வரும் என்பதால் வரவேற்பு நாளுக்கு முன் இன்னும் இரண்டு மாலைகள் கையில் இருக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு விதித்தாள், சீட்டுகள், சோதனைக் குறிப்பேடு மூன்றையும் ஓர் உறையில் போட்டு முதலாண்டு வகுப்புப் பிரதிநிதியிடம் கொடுத்துவிடுங்கள். எந்த இடத்தில் தங்களுக்குச் சங்கடமாக இருந்தது என்று அவர்கள் அதன் ஓரத்தில் எழுதட்டும். அடுத்த ஆண்டு அந்த மத்தியானம் அவர்கள் பொறுப்பு.